ரசப்பொடி டப்பாவில் வந்த ரோஜா

சென்ற புரட்டாசியில் புதுச்சேரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் விமான நிலையத்தில் இறங்கிய அரை மணி நேரத்துக்குள் கண் கலங்கி நின்றார். ஈரப் பஞ்சில் சுற்றி, பாலிதீன் உறை கட்டி, ரசப்பொடி டப்பாவுக்குள் புதைத்து அவர் கொண்டுவந்த பன்னீர் ரோஜாக் குச்சியை அதிகாரி ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். வெளியூர்ச் செடியோடு பூச்சியும் நோயும் தீவுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்கான விதி அது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. டப்பாவுக்குள் மூக்கை நுழைத்த அந்த மனிதர் ஏழு முறை தும்மினார் என்பது மட்டும்தான் எங்கள் தரப்புக்குக் கிடைத்த ஆறுதல். ரசப்பொடியைத் திருப்பிக் கொடுத்தார், குச்சியைக் கொடுக்கவில்லை.

"பன்னீர் ரோஜா இல்லாத ஊருல எப்படிம்மா சாமி கும்பிடுறே?" என்று வீடு வந்து சேரும் வரை அத்தை கேட்டுக்கொண்டே வந்தார்.

நாங்கள் இருப்பது லெ தம்போன் என்னும் மேட்டு நகரம். கடற்கரையின் புழுக்கம் இங்கே ஏறி வராததால் ரோஜா நன்றாக வரும். அதற்குச் சான்று பக்கத்து வீட்டு அம்மையார். ஊரே அவரைத் 'தாந்தின்' என்றுதான் அழைக்கும். நம் வழக்கில் சொன்னால் அத்தையோ சித்தியோ ஆக வேண்டும். கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த தமிழரின் வழியில் வந்தவர் என்றாலும், அவருடைய தமிழ் சாமி பெயர்களோடும் 'மூரூங்' என்று தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் அவர் சொல்லும் முருங்கையோடும் நின்றுவிட்டது. அத்தையோ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கான்வென்டில் படித்த பிரெஞ்சைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, வந்த மூன்றாம் நாளே வேலியோரம் போய் நின்றார்.

பேச்சு உடனே ரோஜாவில் வந்து முட்டியது. தாந்தின் தம் தோட்டத்தில் 'மதாம் மெய்யான்' வைத்திருக்கிறார். மஞ்சள் இதழின் ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பு தடவிய, விரித்த கையளவு பெரிய பூ. அதன் அருகில் கறுப்போ சிவப்போ என்று சொல்ல முடியாத வெல்வெட்டு நிறத்தில் 1963-இல் வெளிவந்த 'பாப்பா மெய்யான்'. ரோஜா உருவாக்குவதையே குலத்தொழிலாகக் கொண்ட ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் தாத்தாவும் பாட்டியும்தான் இந்த இரண்டு பெயர்களும் என்று தாந்தின் பெருமையோடு விளக்கினார். பாட்டிக்கு அழகு வாய்த்தது, தாத்தாவுக்கு வாசனை வாய்த்தது. ஒரே வீட்டில் இரண்டும் ஒருவருக்கே அமைவதில்லை போலும். மூலையில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் வெள்ளை 'ஃபே தெ நேழ்' ஒன்றும் உண்டு.

அத்தை மதாமை முகர்ந்து பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு வந்துட்டு வாயே திறக்காம உட்கார்ந்திருக்கிற சம்பந்தியம்மா மாதிரி இருக்கு" என்று என்னிடம் சொன்னார். அதை மொழிபெயர்க்குமாறு தாந்தின் கேட்டபோது, பூ மிகவும் அடக்கமாக இருக்கிறது என்று நான் சொல்லி வைத்தேன்.

அடக்கம் என்ற சொல்லும் பிடிக்கவில்லை. தம் பூவுக்கு வாசனை உண்டு என்றும், முகரத் தெரிந்த மூக்கு வேண்டும் என்றும் தாந்தின் சொல்ல, அத்தை தம் மகனின் மூக்கை ஏலத்தில் விட்டார். என் கணவர் தம் மூக்கைப் பற்றி உயர்வான எண்ணம் கொண்டவர். பக்கத்துத் தெருவில் தாளிக்கும்போதே குழம்பின் பெயரைச் சொல்லிவிடுவதாக நம்புகிறவர். மறுப்பாரா? ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறி வாசனையைக் கொண்டுபோய்விடும் முன்பு, எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் கண்ணைத் துண்டால் கட்டி உட்கார வைத்தோம். முன்னால் ஐந்து காப்பித் தம்ளர்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு தட்டு. மூன்று தாந்தினுடையவை. நான்காவது, எங்கள் பின்வேலியில் நிற்கும் பெயர் தெரியாத இளஞ்சிவப்புப் பூ; ஆகஸ்டில் நான் மொட்டையடித்திருந்ததால் அன்றுதான் முதல் பூ விரிந்திருந்தது. "அதெல்லாம் ஏழைகள் வேலிக்கு வைக்கிறது" என்று தாந்தின் அதைச் சேர்க்கவே சம்மதிக்கவில்லை. ஐந்தாவது தம்ளரை நானே யாருக்கும் தெரியாமல் நிரப்பினேன்.

முதல் தம்ளரை முகர்ந்து, "கழுவி வைத்த தம்ளர்" என்றார். தாந்தின் முகம் இறுகியது. இரண்டாவது வெள்ளைப் பூவுக்குச் சற்று யோசித்து, "துவைத்த துணி, ஆனால் நேற்றுத் துவைத்தது" என்றார். பாப்பா மெய்யானுக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, எலுமிச்சைத் தோலைத் தேனில் ஊறப்போட்டதுபோல் இருப்பதாகச் சொல்லி, தாந்தினுக்குப் போன உயிரை மீட்டுக் கொடுத்தார். நான்காவதில் அவர் மூக்கு நெடுநேரம் தங்கியது.

"கல்யாண வீட்டு வாசல்" என்றார் மெதுவாக. "பன்னீர்ச் செம்பு."

அத்தை பாய்ந்து வந்து தம்ளரைப் பிடுங்கினார். ஒரு தடவைதான் முகர்ந்தார். "நம்ம பன்னீர் ரோஜாடா இது!"

ஐந்தாவது தம்ளருக்குத்தான் முதல் பரிசு கிடைத்தது. "இதுதான் அசல் ரோஜா, மற்றவையெல்லாம் நகல்" என்று அவர் தீர்ப்புக் கூறிய பிறகு துண்டை அவிழ்த்தேன். தம்ளரில் கசக்கிய இலை ஒன்று கிடந்தது. இத்தீவின் மேற்கு மலைச்சரிவுகளில் எண்ணெய் வடிப்பதற்காகப் பயிரிடும் ஜெரானியம் அது. ரோஜாவில் இருக்கும் ஜெரானியால், சிட்ரோனெல்லால் என்னும் மணப்பொருள்கள் அந்த இலையிலும் உண்டு; விலை உயர்ந்த ரோஜா எண்ணெயில் கலப்படம் செய்யவே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வியாபாரிகளை ஏமாற்றிய இலைக்கு இவர் எம்மாத்திரம்! நான்கு பூவை முகர்ந்ததில் மூக்கு களைத்துவிட்டது என்று அவர் இன்றுவரை வாதிடுகிறார்.

ஆனால் அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அத்தை வேலியடியில் நின்றுகொண்டிருந்தார். நம் ஊர் வேளாண் ஏடுகளில் எட்வர்ட் ரோஜா என்று அச்சிடப்படும் பன்னீர் ரோஜா, இங்கே 'ரோஸ் எதுவார்' என்று வழங்கும் பூ என்பதை அன்றுதான் தேடிப் படித்தேன். இந்தப் பூ பிறந்த காலத்தில் ரெயூனியனுக்குப் பூர்போன் தீவு என்று பெயர். தோட்டங்களைச் சுற்றி வேலியாக நட்ட சீன ரோஜாவும், ஆண்டுக்கு இருமுறை பூக்கும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகவே கலந்து பிறந்த செடி அது. 1819-இல் அதன் விதைகள் பிரான்சுக்குப் போயின. அங்கிருந்து பூர்போன் ரோஜாக்கள் என்று ஒரு குலமே கிளைத்து, இன்றைய பெரிய பூக்கள் வரை வந்திருக்கிறது. சுருங்கச் சொன்னால், அத்தை இந்தத் தீவில் பிறந்த பூவை இந்தத் தீவுக்கே கடத்தி வந்து பிடிபட்டிருக்கிறார்.

உங்கள் பாப்பா மெய்யானுக்கு எங்கள் வேலி கொள்ளுப்பாட்டி முறை என்று தாந்தினிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் வேலியைப் பார்த்தார். பிறகு, அப்படியானால் அது எங்கள் ஊர்ப் பூ, உங்கள் அத்தையுடையது அல்ல என்றார். ஊர் உங்களுடையதாக இருக்கலாம், இருநூறு வருஷமாகச் சாமிக்குப் போட்டவர்கள் நாங்கள் என்று அத்தை பதில் சொன்னார். இருநூறு என்பது அத்தையின் கணக்கு. மறுநாள் காலை தாந்தின் கத்தரிக்கோலோடு வந்து இரண்டு குச்சி கேட்டபோது, அத்தை மூன்றாக வெட்டிக் கொடுத்தார்.

கிளம்பும் நாளில் என் கணவர் பெட்டியைத் திறந்து சோதித்தார். பட்டுப் புடவை மடிப்பில் ஒரு குச்சி, துண்டுக்குள் ஒரு குச்சி. நம் ஊர் விமான நிலையத்திலும் விதி இருக்கிறது என்று எடுத்துச் சொல்லி, இரண்டையும் வெளியே வைத்தார். அத்தை ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. காலியாகிப்போன ரசப்பொடி டப்பா எதற்காக ஊருக்குத் திரும்புகிறது என்று என் கணவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.