அரைக்கட்டை கூடின வண்ணக்குயில்

போன மாதம் விசுவமடுவில் சொந்தக்காரர் ஒருவரின் கல்யாண வீடு. சாப்பாடு முடிந்ததும் பாடச் சொல்லிப் பிள்ளைகள் கரைச்சல் கொடுக்க, அக்கா வழக்கம்போல 'மௌன ராகம்' படத்தின் 'சின்னச் சின்ன வண்ணக்குயில்' எடுத்தா. கீபோட் வாசித்த பெடியன் முதல் வரியிலேயே கையை எடுத்துவிட்டான்.

"அன்ரி, பாட்டின்ர சுருதி இதில்லை. நீங்கள் அரைக்கட்டை மேல நிக்கிறியள்."

அரைக்கட்டை என்றால் கீபோட்டில் பக்கத்துப் பக்கத்து ரெண்டு சுரத்துக்கு இடையில் உள்ள தூரம். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. முப்பது வருசமாக அந்தப் பாட்டை அவ அந்த இடத்தில்தான் எடுக்கிறா. பெடியனில் பிழை இல்லை. ஆனால் அக்காவிலும் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். அதை நிரூபிக்கத்தான் இந்த ஒரு மாதமாக ராவில் ஹெட்போனோடு இருந்தேன்.

கதை 1994 இல் தொடங்குது. அப்ப போரால எங்கட பக்கத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. ரேப் ரெக்கோடருக்கு நாலு பற்றரி, ஆறு வோல்ற். சைக்கிள் டைனமோவும் ஆறு வோல்ற். ஒரு டயோட்டைப் போட்டுக் கொழுவினால் பாட்டு வரும். சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலை நான் சுத்துவன். பக்கத்தில் அக்கா கொப்பியோடு இருந்து வரிகளை எழுதுவா. கை அலுத்தால் ஜானகி அம்மாவின் குரல் அப்படியே கீழே இறங்கும். "சுத்தடா!" என்று அக்கா கத்துவா. நான் விசையாகச் சுத்த, குரல் திரும்ப ஏறி ஓர் இடத்தில் நிற்கும். மோட்டருக்குள் இருக்கிற கட்டுப்பாடு அதற்கு மேலே போக விடாது. அந்த நின்ற இடத்தைத்தான் அக்கா பிடித்துக்கொண்டா.

அந்தக் கசெற் ஒரு ரெக்கோடிங் பாரில் பதிந்தது. பாட்டு எழுதின துண்டையும் வெறும் கசெற்றையும் கொடுத்தால் ரெண்டு நாளில் பதிந்து தருவார்கள். 2009 இல் போரின் கடைசியில் எங்கட கசெற்றுகள் எல்லாம் போயிற்று. இது மட்டும் அக்காவின் உடுப்புப் பைக்குள் கிடந்து, செட்டிகுளம் அகதி முகாமுக்கும் போய், திரும்பி வீட்டுக்கும் வந்தது.

இடையில் இன்னொன்று நடந்தது. 2002 இல், போரால் மூடிக் கிடந்த ஏ9 பாதை திறந்தபிறகு 'மௌன ராகம்' வீசீடி கையில் கிடைத்தது. படத்தில் அந்தப் பாட்டு வர, கசெற்றில் கேட்ட அதே உயரம். பிறகு மாமா கனடாவில் இருந்து சீடி கொண்டுவந்தார். அதில் பாட்டு கீழே நின்றது. நான் உடனே முடிவு கட்டிவிட்டேன்: படத்துக்கு ஒரு தரமும் இசைத்தட்டுக்கு ஒரு தரமும் பாடியிருக்கிறார்கள், எங்கட கசெற் படத்தில் இருந்து எடுத்தது என்று. கன பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அது முழுப் பிழை.

சீடியில் சரியாக 100 செக்கன் வருகிற ஒரு துண்டை எடுத்தேன். வீசீடியில் அதே துண்டு 96 செக்கன். கசெற்றில் 94. நீளம் குறைந்த அதே விகிதத்தில் சுருதி ஏறியிருந்தது. அப்படி ரெண்டும் கைகோத்துப் போனால் அது வேறு பாடல்பதிவு இல்லை, வேகம்.

வீசீடியின் காரணம் எளிது. சினிமாப் படம் செக்கனுக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படம். எங்கட நாட்டு ரீவி முறையில் 25. ஆகவே படத்தை வீடியோவுக்கு மாற்றும்போது நாலு வீதம் வேகமாக ஓட விடுவது வழக்கம். நாலு நிமிசப் பாட்டில் பத்துச் செக்கன் காணாமல் போகும், சுருதி அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். கசெற்றின் காரணம் அந்த ரெக்கோடிங் பாரின் டெக். மூல நாடாவை வேகமாகவோ, எங்கட நாடாவை மெதுவாகவோ ஓட்டியிருக்குது. ஆறு வீதம் வித்தியாசம், கிட்டத்தட்ட முழு அரைக்கட்டை. ரெண்டு வேறு பிழைகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து நின்று என்னை ஏமாற்றின.

கடைசிச் சந்தேகத்தைத் தீர்த்தது மூச்சு. மூன்றையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, பல்லவி முடிந்து அடுத்த வரிக்கு முன்னால் ஜானகி அம்மா மூச்செடுக்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். மெட்டைத் திரும்பப் பாடலாம், அதே மூச்சை அதே அளவில் திரும்ப எடுக்க ஏலாது. மூன்றிலும் ஒரே மூச்சு.

உண்மையாகவே வேறு பதிவு என்றால் காது உடனே சொல்லும். 'நாயகன்' படத்தின் 'தென்பாண்டிச் சீமையிலே' இளையராஜா குரலிலும் இருக்குது, கமல் குரலிலும் இருக்குது. 'மன்றம் வந்த தென்றலுக்கு' மெட்டை ராஜாவே 2007 இல் 'சீனி கம்' என்ற ஹிந்திப் படத்துக்கு எடுத்து ஷ்ரேயா கோஷலைப் பாட வைத்தார். அது பழைய மெட்டு, புதுப் பதிவு. இதற்கு மறுபக்கம், ரஹ்மானின் 'பம்பாய்' படத் தீம் இசை 'ஃபயர்' படத்திலும், பிறகு 2005 இல் 'லோர்ட் ஒஃப் வோர்' என்ற ஆங்கிலப் படத்திலும் வந்தது. நவீனின் அந்தப் புல்லாங்குழலை ஒரு தரம் கேட்டவனுக்கு எங்கே கேட்டாலும் தெரியும்.

எனக்கு உள்ள மனக்குறை வேறு. 'மௌன ராகம்' பாட்டுத் தட்டில் அஞ்சு பாட்டு, அவ்வளவுதான். கார்த்திக் வரும்போது ஓடுகிற அந்த இசை அதில் இல்லை. அந்தக் காலத்தில் பாட்டுகள் படப்பிடிப்புக்கு முன்னமே பதிவாகி, படத்துக்கு முன்னமே விற்பனைக்கு வந்துவிடும். பின்னணி இசையோ படத்தை வெட்டி ஒட்டி முடித்தபிறகு ரீரெக்கார்டிங்கில் பிறக்கும். அந்த நேரம் கசெற் கடையில் இருக்கும். அதனால் ராஜாவின் எத்தனையோ நல்ல இசை வசனத்துக்கும் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் அடியில்தான் கிடக்குது. அதைத் தனியாகக் கேட்க எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை.

நேற்று சீடிப் பதிவை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டா. பாதியில் நிறுத்தச் சொன்னா.

"வடிவாத்தான் இருக்குது தம்பி. ஆனா இழுபடுது."

கீபோட் பெடியனுக்கு அழைப்பு எடுத்தேன். விளங்கப்படுத்தினேன். பின்னேரம் தானே வந்தான். சுருதியை ஏத்தி இறக்குகிற ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அமத்தி ஒன்று கூட்டி வைத்துவிட்டு, "இப்ப பாடுங்கோ அன்ரி" என்றான்.