தேங்காய் எண்ணெயோடு கம்பம் ஏறப் போனவள்

நான் இருப்பது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா. 2007இல் பெயரை மாற்றினார்கள். எங்கள் வீட்டில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். செம்பனை (பாமாயில்) ஆலையில் கணக்கெழுதும் வேலை, வயது 34. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் கடைசி. அப்படிப்பட்டவள் போன வருடம் ‘போல் டான்ஸ்’ (pole dance, நட்ட கம்பத்தைப் பிடித்து ஏறிச் சுழன்று ஆடுவது) வகுப்பில் சேர்ந்து, முதல் நிலைத் தேர்வில் ஒரு தடவை தோற்று, மறு தடவை தேறினேன். "நானும் சேரலாமா?" என்று கேட்கிற தோழிகளுக்கு ஒவ்வொருத்தியாக வாய்ஸ் அனுப்பி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிடுகிறேன்.

வகுப்பு பெட்டாலிங் ஜெயாவில், சனிக்கிழமை காலை. எங்கள் ஊரிலிருந்து காடியில் ஒரு மணி நேரம் பிடிக்கும். எட்டு வாரம் ஒரு தவணை.

முதல் நாள் சொதப்பலுக்குக் காரணம் என் பழக்கம்தான். குளித்ததும் கை காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவாமல் நான் வெளியே போனதில்லை. அன்றும் தடவினேன். அதற்கு மேல் கணுக்கால் வரை லெக்கிங்ஸ். கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து, முட்டியால் கவ்வி ஒரு சுற்று சுற்றி இறங்க வேண்டும். நான் சுற்றவே இல்லை, பிடித்த வேகத்தில் தரைக்கு வந்துவிட்டேன். கோச் ஒரு சீனப் பெண். என் முழங்கையை விரலால் தொட்டுப் பார்த்து, "லோஷனா?" என்றார். "தேங்காய் எண்ணெய்" என்றேன். கம்பத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆல்கஹால் புட்டியையும் துணியையும் என் கையில் திணித்துவிட்டுப் போனார். துடைத்தேன், துடைத்தேன். அப்புறமும் எனக்கு அடுத்துப் பிடித்த பெண் வழுக்கினாள்.

கம்பம் பெரும்பாலும் 45 மில்லிமீட்டர் விட்டம், குரோம் பூச்சு. அதில் நம்மை நிறுத்தி வைப்பது கை பலம் என்று நினைத்துத்தான் நான் இரண்டு மாதம் வீட்டில் டம்பெல் தூக்கினேன். உண்மையில் பிடித்து வைப்பது தோல். தொடை, முழங்கால் மடிப்பு, கெண்டைக்கால் என்று தோல் உலோகத்தில் ஒட்டி உரசினால்தான் உடம்பு நிற்கும். குட்டைக் கால்சட்டை போடச் சொல்வதற்குக் காரணம் இது, வேறெதுவும் இல்லை. ஊரிலிருந்து அப்படியே கிளம்பக் கூச்சமாக இருந்தால், என்னைப் போல் மேலே ஒரு டிராக் போட்டுக்கொண்டு போய் உள்ளே கழற்றிக்கொள்ளலாம். வகுப்பு நாளிலும் அதற்கு முந்தின இரவிலும் எண்ணெய், லோஷன், கோடாலித் தைலம் எதுவும் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்த்தால் ‘லிக்விட் சாக்’ என்று ஒரு வெள்ளைத் திரவம் விற்கிறார்கள் (வெற்றிலைச் சுண்ணாம்பு இல்லை), உள்ளங்கையில் தேய்த்துக் காயவிட வேண்டும். ஏர்கான் அறையில் நேர்மாறான தொல்லை: காலையில் முதலில் பிடிக்கும்போது கம்பம் சில்லென்று வழுக்கும். நாலு பேர் பிடித்துச் சூடேறிய பிறகு சரியாகிவிடும்.

மோதிரம், வளையல் கழற்ற வேண்டும். கம்பத்தில் கீறல் விழும், விரலும் நசுங்கும். தாலிக்கொடியைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை. உள்ளாடையோடு ஊக்குக் குத்தி வைத்துக்கொண்டேன், முதல் நிலைக்கு கோச் ஒத்துக்கொண்டார். தலைகீழாகத் தொங்குகிற பாடம் வரும்போது கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டார்.

வலிக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வலிக்கும். கையை விட்டுத் தொடையால் மட்டும் கம்பத்தைக் கவ்வி உட்காருகிற ஒரு பாடம் உண்டு. முதல் தடவை உட்கார்ந்தபோது கிள்ளியது போல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்தொடையிலும் பாதத்தின் மேல்புறத்திலும் நாவல்பழ நிறத்தில் கன்றிப் போகும். வாரங்கள் போகப் போகத் தோல் பழகும். ஆனால் தோளுக்குள்ளோ மணிக்கட்டிலோ சுருக்கென்று குத்தினால் அது பழகுகிற வலி இல்லை, அன்றைக்கு இறங்கிவிட வேண்டும். தொங்கும்போது தோள் காதை இடிக்கிற மாதிரி விடாமல், தோள்பட்டையைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டால் பாதிக் காயம் வராது. எங்கள் வகுப்பில் மூன்றாவது வாரமே வீடியோ பார்த்துத் தலைகீழாகப் போன ஒருத்தி கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு போனவள்தான், திரும்ப வரவில்லை.

சொந்தக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். "அது கிளப்புல ஆடுற ஆட்டமாச்சே" என்பார்கள். ஆமாம், இன்றைய ‘போல் டான்ஸ்’ பெரும்பகுதி அமெரிக்க, கனடா இரவு விடுதிகளில் ஆடிய பெண்களிடமிருந்து வந்தது. அதை மறைத்து "இது வெறும் உடற்பயிற்சி" என்று பூசி மெழுகுவது அந்தப் பெண்களுக்குச் செய்கிற அநியாயம் என்பது என் எண்ணம். அதே சமயம் சர்வதேச ‘போல்’ விளையாட்டுக் கூட்டமைப்பு 2009இலேயே தொடங்கியாகிவிட்டது; 2017இல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் சங்கம் அதற்குப் பார்வையாளர் தகுதியும் கொடுத்தது. நம் பக்கம் மல்லர் கம்பம் என்கிற பழைய கம்ப வித்தை இருக்கிறது. அது மரக் கம்பம், வழுக்கிச் சுழல வசதியாக விளக்கெண்ணெய் பூசுவார்கள். என் தேங்காய் எண்ணெய்க்கு அங்கே ஒருவேளை மரியாதை கிடைத்திருக்கும்.

எங்கள் வீட்டில் கேள்வி வேறு மாதிரி வந்தது. பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். தாத்தா தோட்டத்துக் கள்ளுக்கடைக்காகத் தென்னை ஏறிக் கள் இறக்கியவர். விஷயம் தெரிந்ததும் பாட்டி, "உன் தாத்தா மரம் ஏறுனதுக்குத் தொர காசு குடுத்தாரு. நீ காசு குடுத்துட்டு ஏறுறியா?" என்று கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் சிரித்தார்.

நாலாவது வாரம் ஏறும் பாடம். என்னால் முடியவே இல்லை. கையால் இழுத்து இழுத்து, ஒரு முழம் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. அன்று இரவு பாட்டிக்கு வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "கையால எவனாச்சும் மரம் ஏறுவானா? தாத்தா கால்ல தளைக் கயித்தப் போட்டு பாதத்த நல்லா அழுத்தி எழும்பி நிப்பாரு. கை சும்மா அணைச்சிருக்கும்" என்றார். கோச் காலையில் ஆங்கிலத்தில் சொன்னதும் இதேதான், எனக்குத்தான் உறைக்கவில்லை. ஒரு காலின் பாதத்தை மேல்நோக்கி மடக்கி, முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தைக் கம்பத்துக்குக் குறுக்கே வைக்க வேண்டும். இன்னொரு காலைப் பின்னாலிருந்து சுற்றிக் கெண்டைக்காலால் இறுக்க வேண்டும். அப்புறம் நாற்காலியிலிருந்து எழுவது போல் காலை நீட்டி எழுந்து நிற்க வேண்டும். நின்ற பிறகுதான் கை மேலே போகும். அடுத்த சனிக்கிழமை மூன்று எட்டு வைத்து ஏறினேன்.

தேர்வு எல்லா இடத்திலும் கிடையாது. எங்கள் வகுப்பில் உண்டு: இரண்டு சுழற்சி, தொடையில் உட்காருவது, இரண்டு தடவை ஏறிக் கட்டுப்பாட்டோடு இறங்குவது, கடைசியில் இசைக்கு ஒரு நிமிடத் தொடர். பயந்து பயந்து அந்தத் தொடரைத்தான் நான் தினமும் ஒத்திகை பார்த்தேன். அதில் குறையே சொல்லவில்லை. கோச் தாளைப் பார்த்து, "இப்போ இடது பக்கம் ஏறுங்க" என்றார். அதுவரை எப்போதும் வலது காலை முன்னே வைத்தே ஏறியிருந்தேன். இடது பாதத்தைக் கம்பத்தில் வைத்தால் யாரோ ஒருவருடைய கால் மாதிரி இருந்தது. இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை பாதி ஏறி நின்றுவிட்டேன். சுழற்சியும் அப்படியே: வலம் சுற்றத் தெரிந்த உடம்புக்கு இடம் சுற்றத் தெரியவில்லை. தாளில் "4 வாரம் கழித்து" என்று எழுதினார்.

அதனால் முதல் வாரத்திலிருந்தே வராத பக்கத்தை முதலில் செய்யுங்கள், களைத்த பிறகு வருகிற பக்கம். வலது இரண்டு என்றால் இடது மூன்று என்று கணக்கு வைத்துக்கொண்டேன். வீட்டில் கம்பம் வாங்கி மாட்டலாமே என்று தோன்றும். நான் வாங்கவில்லை. கூரைக்கும் தரைக்கும் நடுவே முட்டுக் கொடுத்து நிற்கிற கம்பத்துக்கு மேலே கான்கிரீட்டோ உத்தரமோ வேண்டும். எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தெரிவது மெல்லிய சிலிங் பலகை. அதற்குப் பதிலாகக் கதவு நிலையில் துண்டைப் போட்டுத் தோள்பட்டையைக் கீழே இழுக்கிற பயிற்சி, இடது காலில் எழுந்து உட்காருவது, இவ்வளவுதான் செய்தேன்.

மறு தேர்வில் இடது பக்கம் இரண்டு தடவை ஏறினேன். அழகாக இல்லை, ஆனால் வழுக்கவில்லை. கோச் கையெழுத்துப் போட்டு அடுத்த நிலைக்கான தாளைக் கொடுத்தார். முதல் வரியிலேயே தலைகீழ்ப் பாடத்துக்கான தோள் பயிற்சி இருக்கிறது. தாலிக்கொடி விஷயத்தை இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் புது வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். "எறங்கும்போது அவசரப்படுற" என்றார்.