மூன்று ஆண்டில் முடித்த பட்டம்: ஓர் ஓட்டக்காரனின் கணக்கு

2022 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் படிக்க வந்தபோது நான்கு ஆண்டுப் பட்டத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அந்த ஆசையைக் கிளப்பியது 12.6 என்ற எண். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஆண்கள் தடகளத்துக்கும் கிராஸ் கன்ட்ரிக்கும் (புல்வெளியிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) சேர்த்து ஓர் அணி கொடுக்கக்கூடிய முழு உதவித்தொகைகளின் எண்ணிக்கை அப்போது அவ்வளவுதான். எங்கள் அணியிலோ நாற்பது பேர். அந்தப் புள்ளி ஆறு ஆள் யார் என்று எங்களுக்குள் கேலி ஓடும். எனக்குக் கிடைத்தது கட்டணத்தில் பாதிக்கும் குறைவு. மீதியை அப்பா கட்டினார். ஒரு செமஸ்டர் குறைந்தால் எவ்வளவு மிச்சம் என்று முதல் மாதமே கணக்குப் போட்டுவிட்டேன். (2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் இந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. என் காலத்துக்கு அது உதவவில்லை.)

பட்டத்துக்கு 120 கிரெடிட் (முடிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் சேரும் மதிப்பலகு) வேண்டும். முழுநேர மாணவராக இருக்க ஒரு செமஸ்டருக்கு 12 போதும். பன்னிரண்டிலேயே நின்றால் நான்கு ஆண்டிலும் முடியாது. விளையாட்டு மாணவர்கள் பலர் ஐந்தாம் ஆண்டுக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். விதிகளும் அதற்கு இடம் கொடுக்கின்றன: இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்தின் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80 முடித்திருந்தால் களத்தில் இறங்கலாம். எங்கள் படிப்பு ஆலோசகர் அந்தச் சதவீதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் ஓடத் தகுதியோடு இருக்கிறேனா என்று பார்ப்பது அவர் வேலை. சீக்கிரம் முடிப்பது என் கவலை.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போட்டிக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது, ஒரு நாள் கட்டாய ஓய்வு என்பது விதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போட்டி நாள் முழுவதும் மைதானத்தில் கிடந்தாலும் கணக்கில் மூன்று மணி நேரம்தான். பயண நேரம் கணக்கில் வராது. காயத்துக்கான சிகிச்சையும் வராது. ஓர் அக்டோபர் வாரத்தில் நானே குறித்து வைத்துப் பார்த்தேன்: 34 மணி நேரம். அதோடு, நெடுந்தூர ஓட்டக்காரனுக்கு இலையுதிர் காலத்தில் கிராஸ் கன்ட்ரி, குளிர்காலத்தில் உள்ளரங்கம், வசந்தத்தில் வெளிமைதானம். மற்ற அணிகளுக்கு ஓய்வுப் பருவம் என்று ஒன்று உண்டு. எங்களுக்கு அது பெயரளவில்தான்.

ஆகவே செமஸ்டரில் பாடங்களை அள்ளிப் போட்டுக்கொள்ள வழியில்லை. ஒரே முறை 16 கிரெடிட் எடுத்தேன். அந்தப் பருவத்தில் ஓட்டமும் கெட்டது, மதிப்பெண்ணும் கெட்டது. நான் மிச்சம் பிடித்ததெல்லாம் செமஸ்டருக்கு வெளியேதான். முதலில், சி.எல்.இ.பி. தேர்வுகள். சுமார் ஒன்றரை மணி நேரத் தேர்வு, வகுப்புக்கே போகாமல் கிரெடிட். பிளஸ் டூ கணக்கை மறப்பதற்கு முன் கால்குலஸ் எழுதி நான்கு, பிறகு உளவியல், பொருளாதாரம் என மூன்று மூன்று. மொத்தம் பத்து. ஒரு பல்கலைக்கழகம் ஏற்கும் தேர்வை இன்னொன்று ஏற்காது என்பதால் பதிவாளர் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொண்டுதான் பணம் கட்டினேன்.

இரண்டாவது, கோடை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு வழக்கமான செமஸ்டரில் முழுநேரக் கணக்குக்கு ஒரே ஓர் இணையவழிப் பாடம்தான் செல்லும். பயணத்தில் இருக்கும்போது அமெரிக்கத் தோழர்கள் இணையப் பாடங்களால் தப்பித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. கோடை விடுமுறையில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முதல் கோடையில் ஊருக்குப் போய் அங்கிருந்தபடியே ஒன்பது கிரெடிட் முடித்தேன். நேர வித்தியாசத்தால் தேர்வெல்லாம் நள்ளிரவில். இரண்டாம் கோடையில் பன்னிரண்டு. அதற்குக் காரணம் அந்த வசந்தத்தில் கணைக்கால் எலும்பில் விழுந்த விரிசல். வெளிமைதானப் பருவம் முழுவதும் போயிற்று. நீச்சல் குளத்தில் தண்ணீருக்குள் ஓடிவிட்டு மீதி நாளெல்லாம் படித்தேன். 2024 ஆகஸ்டில் என் கையில் 90 கிரெடிட்.

அங்கேதான் சறுக்கினேன். கோடையில் வேறொரு கல்லூரியில் எடுத்த புள்ளியியல் பாடம் ஒன்று கட்டாயப் பாடமாக அல்லாமல் விருப்பப் பாடமாகப் பதிவாகியிருந்தது. மொத்தக் கிரெடிட் சரியாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. இறுதி ஆண்டின் செப்டம்பரில், கிராஸ் கன்ட்ரி நடுவில், எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் பட்டத் தணிக்கைப் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக நின்றது. பாடத்திட்டத்தைத் துறைத்தலைவரிடம் எடுத்துக்கொண்டு போய் நான்கு முறை உட்கார்ந்த பிறகு, டிசம்பர் தேர்வு வாரத்தில்தான் அது பச்சையானது. வெளிக் கல்லூரியில் பாடம் எடுப்பதற்கு முன் எதற்கு ஈடாகச் சேரும் என்று எழுத்தில் வாங்கியிருந்தால் அந்த மூன்று மாதத் தூக்கம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

2025 மேயில் பட்டம் வந்தது. ஓட்டம் முடியவில்லை. முதல் முறை கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் ஒரு விளையாட்டில் நான்கு பருவம் ஆடலாம் என்ற விதியின்படி, எனக்கு ஒரு கிராஸ் கன்ட்ரிப் பருவமும் காயத்தால் மிஞ்சிய ஒன்றையும் சேர்த்து இரண்டு வெளிமைதானப் பருவங்களும் பாக்கி இருந்தன. முதுகலையில் சேர்ந்தேன். உதவித்தொகை தொடர்கிறது. வகுப்புகள் மாலை ஆறு மணிக்கு, பயிற்சியோடு மோதுவதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது பொய்யாகிவிடும். நான் படிக்க வந்தது உயிரியல். அதன் ஆய்வகங்கள் மதியம் ஒன்று முதல் நான்கு வரை. எங்கள் பயிற்சி இரண்டரைக்கு. பயிற்சிக்காக வகுப்பைத் தவறவிடக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் ஆய்வகத்துக்காகப் பயிற்சியைத் தவறவிடுபவனைப் பயிற்சியாளர் எத்தனை நாள் பொறுப்பார்? முதல் செமஸ்டரிலேயே புள்ளியியலுக்கு மாறினேன். ஆய்வகம் இல்லாத பாடம் என்பதால்தான் மூன்று ஆண்டுக் கணக்கு எனக்குக் கைகூடியது.

போன மாதம் ஊரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். 1500 மீட்டர் ஓடுகிறான், இங்கே இடம் கிடைத்திருக்கிறது. "அண்ணா, மூன்று ஆண்டில் முடிக்க என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான். என்ன படிக்கப் போகிறாய் என்றேன். உயிரித்தொழில்நுட்பம் என்றான். ஆய்வக நேரம் என்ன என்று முதலில் கேட்டு எழுதச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "செவ்வாய், வியாழன், மதியம் ஒன்றரை." நான்கு ஆண்டு எடுத்துக்கொள் என்று எழுதினேன்.