தரங்கம்பாடி நாட்குறிப்பு

அக்டோபர் 29

அந்த விதவை எதற்காக வீட்டை அவளுக்கு எழுதிவைத்தாள்?

அக்டோபர் 30

விடாத மழை. ராஜ வீதியில் கணுக்கால் அளவுத் தண்ணீர்.

நாவலை 1845இல் வைத்தது சரிதான். 1620இல் கோட்டை கட்டி உட்கார்ந்த டேனிஷ்காரர்கள், அந்த வருஷம் இந்த ஊரை வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஊரே கைமாறும்போது ஒரு வீடு கைமாறுவதை யார் கவனிப்பார்கள்? அந்தச் சந்தடியில்தான் என் டேனிஷ் விதவை உயிலில் கையெழுத்துப் போடுகிறாள். உபதேசியார் மகளுக்கு மாடி வீடு.

சரி, ஏன்? கள்ள உறவு, ரகசியக் குழந்தை என்று முடித்தால் வாசகர் மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். வேண்டாம்.

தலைவலி.

அக்டோபர் 31

சீர்திருத்தத் திருநாள். புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போனேன். முகப்பில் நான்காம் பிரெடரிக் ராஜாவின் முத்திரையும் கிரீடமும், 1718 என்ற வருஷமும். உள்ளே, முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரியாக இங்கே வந்த சீகன்பால்குவின் கல்லறை. ஆலயம் எழும்பிய மறு வருஷமே, 36 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். பக்கத்து பெஞ்சில் ஒரு பையன் சாவகாசமாக ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

நவம்பர் 1

காய்ச்சல் 102. டீச்சரம்மா கஞ்சி கொண்டுவந்தார்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. டீச்சரம்மா செவ்வந்தியும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போய்வந்தார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த மாமனார் கல்லறையில் ஏறி உட்கார்ந்து பேரப்பிள்ளைகள் முறுக்கு தின்றார்களாம். "தாத்தாவுக்கும் ஒண்ணு வெச்சோம்மா" என்றார்.

இந்த ஊரில் கல்லறையைக் காட்டி யாரைப் பயமுறுத்துவது? உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களுக்கு அது சொந்தக்காரர் வீடு மாதிரி. இடிந்த மதில், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில், கரண்ட் கட் என்று பேய்க்கதைக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருக்கிறது. பயம் மட்டும் இல்லை. அது காகிதத்திலிருந்துதான் வர வேண்டும்.

நவம்பர் 3

ரத்தம் எடுத்துப் போனார்கள். ரிசல்ட் நாளைக்கு.

நவம்பர் 4

வரவில்லை. போன் செய்தால் "சிஸ்டம் டவுன் மேடம்".

எதற்காக எழுதிவைத்தாள்?

நவம்பர் 5

விடிகாலை மூன்று மணி. தூக்கம் இல்லை. சுந்தரர் ஞாபகம்.

கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை இது, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. மூல ஓலை வேறே இருக்கிறது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. பாட்டன் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், பொருந்துகிறது. பெரியபுராணத்தில் இதைவிட நல்ல துப்பறியும் கட்டம் கிடையாது. பாட்டன் விட்டுப்போன சொத்து, அடிமைத்தனம்!

1707இல் இங்கே சீயோன் ஆலயத்தில் மிஷனரிகள் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது டேனிஷ்காரர் வீட்டு அடிமைகள் ஐந்து பேருக்கு. இத்தனை நாளும் இது என் குறிப்பேட்டிலேயே கிடந்தது. அந்த வீடுகளில் ஒன்றுதான் விதவையின் வீடு. உயிலுக்குள் ஓர் ஆளோலை மடித்து வைத்திருக்கிறது. அதில் உள்ள பெயர், உபதேசியார் மகளின் முப்பாட்டிக்கும் முந்தியவள்.

அப்படியானால் வீடு தானம் இல்லை, பாக்கி. அதை வாங்க வேண்டுமென்றால் ஓலையை நாலு பேர் முன்னால் காட்டியாக வேண்டும். காட்டினால் உபதேசியார் சபையில் தலை நிமிர முடியாது. ஞாயிறுதோறும் "கிறிஸ்துவின் அடிமை" என்று பெருமையாகப் பிரசங்கம் செய்கிற மனுஷன்.

விதவை மனந்திரும்பினாளா, இல்லை, சாகும் முன் தன் சுமையை இவர்கள் தலையில் இறக்கிவைத்தாளா? இதை டீச்சரம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்டால் முதலில் தூங்கு என்பார்.

நவம்பர் 6

டெங்குதான். பிளேட்லெட் 88,000. அட்மிட் ஆகச் சொல்லிவிட்டார்கள். நோட்டு வேண்டாம் என்கிறார் டீச்சரம்மா. பைக்குள் அடியில் வைத்துவிட்டேன்.

உபதேசியார் ஓலையை அடுப்பில் போடுவார். மகள் அதற்கு முன்பே படியெடுத்திருப்பாள். எங்கே ஒளித்தாள் என்பதுதான்

ஆட்டோ வந்துவிட்டது.