ஐந்நூறில் ஒருமுறை விழுந்த டெஸ்ட்

நாங்கள் மூன்று பேர் பராமரிக்கும் எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினியோடு பாதுகாப்பாகப் பேசும் முறை) லைப்ரரியில் ஒரு டெஸ்ட் எட்டு மாதமாகப் படுத்தி எடுத்தது. லோக்கலில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் (பலரும் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச் மென்பொருள்) சர்வரை எழுப்பி, கர்வ்25519 முறையில் சாவி பரிமாறி, ஒரு கட்டளை ஓட்டிவிட்டு இணைப்பை மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை. வாரம் பத்து நாளைக்கு ஒருமுறை சிவப்பாகும், திரும்ப ஓட்டினால் பச்சை.

‘சர்வர் கையெழுத்து பொருந்தவில்லை’ என்றுதான் பிழைச் செய்தி சொன்னது. நாங்களோ நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டோம். டைம்அவுட்டை 5 நொடியிலிருந்து 30 நொடியாக்கினோம். பிறகு, விழுந்தால் மூன்று முறை முயலும்படி ஒரு வரி சேர்த்தோம். சிவப்பு அடியோடு நின்றது. அந்த வரிக்கு நானும் சம்மதித்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது. ஏனென்றால், தினமும் இரவு நூற்றுக்கணக்கான சர்வர்களோடு பேசும் ஒரு பயனர், “ஒன்றிரண்டு இணைப்பு காரணமே இல்லாமல் அறுகிறது” என்று எழுதியபோதுதான் மறுபடி அதைத் தொட்டேன்.

மறுமுயற்சியை நிறுத்திவிட்டு 5000 முறை ஓட்டினேன். 9 தோல்வி. மெஷினுக்கு வேண்டுமென்றே சுமை ஏற்றி இன்னொரு 5000: 11 தோல்வி. நேரத் தகராறு என்றால் சுமையில் எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லை. அப்படியானால் ஒவ்வொரு இணைப்பிலும் புதிதாகப் பிறக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம். அது சாவிப் பரிமாற்றத்தில் இரண்டு பக்கமும் தனித்தனியே கணக்கிட்டு அடையும் ஒரே ரகசிய எண்ணாகத்தான் இருக்க வேண்டும். சோதனை மெஷினில் மட்டும் அதை ஹெக்ஸில் (ஒரு பைட்டை இரண்டு குறியாக எழுதும் 16-அடிமான முறை) அச்சிட வைத்தேன்.

விழுந்தவை எல்லாமே 00 என்று தொடங்கின. பிடித்துவிட்டேன் என்று நினைத்தால், தேறியவற்றிலும் சில 00 என்றே தொடங்கின! அரை மணி நேரம் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் இரண்டாவது பைட் கண்ணில் பட்டது. 00 37 விழுகிறது, 00 94 தேறுகிறது.

எஸ்எஸ்ஹெச்சில் இந்த ரகசியத்தை எம்பிஇன்ட் என்ற, பெரிய முழு எண்களுக்கான வடிவில் எழுத வேண்டும். அதில் முதல் பிட் குறியைச் சொல்லும். முதல் பைட் ஹெக்ஸ் 80 அல்லது அதற்கு மேல் என்றால், மைனஸ் எண்ணாகிவிடாமலிருக்க முன்னால் ஒரு 00 வேண்டும். தேவையில்லாத 00 இருக்கவே கூடாது என்று 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4251 என்ற எஸ்எஸ்ஹெச் விதி ஆவணம் கண்டிப்பாகச் சொல்கிறது. எங்கள் கோட் 00-ஐச் சேர்த்ததே தவிர, உரிக்கவில்லை. 94-க்கு முன்னால் அந்த 00 எப்படியும் வேண்டும், அதனால் தப்பித்தது. 37-க்கு வேண்டாம். நாங்கள் 32 பைட்டைச் சேர்த்து ஹாஷ் (தரவின் கைரேகை போன்ற சுருக்க எண்) செய்தோம், சர்வர் 31 பைட்டை. ஹாஷ் மாறினால் அதன்மேல் போட்ட கையெழுத்து எப்படிப் பொருந்தும்? முதல் 9 பிட்டும் பூஜ்ஜியமாக அமைவது 512-இல் ஒருமுறை. என் கணக்கோடு ஒத்துப்போனது.

எங்கள் கிளையன்ட்டும் எங்கள் சர்வரும் பேசும் டெஸ்ட் ஒருநாளும் விழாததற்கும் அப்போதுதான் காரணம் விளங்கியது. இரண்டு பக்கமும் ஒரே தப்பைச் செய்தன. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 6.5, 6.6 பதிப்புகளிலும் இதே வகைப் பிழை இருந்து, சுமார் 0.2 சதவீத இணைப்புகள் விழுந்தன என்பதைப் பிறகு படித்தேன்.

திருத்தம் நான்கு வரி. ரகசியத்தை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் 00 37, 00 94, 00 00 என்று தொடங்கும் நிலையான மதிப்புகளோடு தனி டெஸ்ட் எழுதினேன். இரவு முழுக்க 20,000 முறை ஓடவிட்டேன், ஒன்றும் விழவில்லை. மறுமுயற்சி வரியை எல்லா டெஸ்ட்டிலிருந்தும் எடுத்தேன். மறுவாரமே வேறொரு டெஸ்ட் சிவப்பானது. இப்போது அதைத்தான் 5000 முறை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.