அணைக்கக் கூடாத பெட்டி

எங்கள் வேதியியல் லேப்பில் கதவோரச் சுவிட்சுக்கு மேலே மலாயில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும்: போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகவும். மூலையிலிருக்கும் எஃப்டிஐஆர் பெட்டிக்கு (ஒரு பொருள் எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) அது பொருந்தாது என்று புது மாணவர்களிடம் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றிவிடுகிறது.

பினாங்குக் காற்றுதான் காரணம். பெட்டிக்குள் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் தட்டு பொட்டாசியம் புரோமைடால் ஆனது. உப்பு ஜாதி, ஈரத்தைக் குடிக்கும். இங்கே ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சர்வசாதாரணம். கருவி ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே லேசான சூடு இருக்கும், தட்டு பிழைக்கும். நீண்ட விடுமுறையில் ஏர்கோனையும் சேர்த்து அணைத்துவிட்டால் மங்கிப்போகும். மிச்சமாகும் கரண்டு காசுக்குப் புதுத் தட்டு கிடைக்காது. உள்ளே வைக்கும் சிலிக்கா ஜெல் நீலம் போய் ரோஸானதும் ஓவனில் காயவைத்துத் திரும்பப் போடுவது என் வேலை.

அதோடு இணைந்த கணினி விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவியது. “இதைத் தூக்கிப் போடுங்கக்கா” என்பார்கள். போடலாம், ஆனால் பெட்டி அதன்பின் ஊமை. நகரும் கண்ணாடியிலிருந்து வருவது வெறும் ஏற்ற இறக்கம். அதை நிறமாலையாக்குவது அந்தக் கணினி போடும் ஃபூரியே மாற்றம் என்ற கணக்கு. 1965இல் கூலியும் டூக்கியும் வேகமான கணக்குவழி தந்த பிறகுதான் இந்த வகைக் கருவிகளுக்கே வாழ்வு வந்தது. எங்கள் பழைய மென்பொருள் புது விண்டோஸில் ஓடாது. அதனால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டோம். எடுத்துச் செல்வதெல்லாம் பென்டிரைவில்தான், அதுவும் வைரஸ் பார்த்த பிறகு.

போன மாதம் ஈப்போ பையன் ஒருவன் குதித்துக்கொண்டு வந்தான். கிளஸ்டரில், அதாவது பல கணினிகளின் கூட்டில், டிஎஃப்டி கணக்குப் போட்டிருக்கிறான்; மூலக்கூறு எங்கெங்கே ஒளியை உறிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு அது. அதில் இல்லாத அகலமான மேடு கருவியில் 3400இல் (ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற அளவு) வந்திருக்கிறதாம்.

“பவுடர் பாட்டிலை மூடினியா தம்பி?”

மூடவில்லை. பவுடர் குடித்த ஈரம்தான் அந்த மேடு. 110 டிகிரியில் காயவைத்து பவுடரை மறுபடி வில்லையாக அழுத்திப் பார்த்தான், மேடு பாதிக்கு மேல் கரைந்தது. கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) மேடு மட்டும் கணக்கில் 1780, கருவி தந்த காகிதத்தில் 1709 என்று முகம் சுளித்தான். இந்த வகைக் கணக்கு பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், 0.96ஆல் பெருக்கு என்றேன். பெருக்கிப் பார்த்துவிட்டு என்னையே முறைத்தான்.

சிங்க் செலினைடு தட்டு போட்ட கருவி வாங்கலாமே என்று டாக்டர் கேட்டார். ஈரத்துக்கு அது அசராது, உண்மைதான். ஆனால் 500க்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. நம் குழுவில் பாதிப்பேர் உலோகச் சேர்மம் செய்பவர்கள், அவர்களுக்கு வேண்டியதே 400ஐ ஒட்டிய பகுதிதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.