பிபிஎஸ்கள் ஏன் காலியாயின? ஒரு மோடம் கணக்கு

பிபிஎஸ் என்றால் புல்லட்டின் போர்டு: மோடம் மூலம், அதாவது கணினித் தரவைத் தொலைபேசி லைனில் அனுப்பும் கருவி மூலம், டயல் செய்து செய்தி படிக்கவும் கோப்பு இறக்கவும் உதவிய கணினி. ‘இணையம் வந்தது, பிபிஎஸ் ஒழிந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். தப்பில்லை. ஆனால் அது எப்படி நடந்தது என்று புரிய அமெரிக்கத் தொலைபேசிக் கட்டணமும் மோடத்தின் உள்வேலையும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

1978 பிப்ரவரி 16 அன்று சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூயஸும் முதல் புல்லட்டின் போர்டை ஓடவிட்டார்கள். ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு, அவ்வளவுதான். ஒருவர் டயல் செய்து உள்ளே வந்து செய்திகளைப் படித்துப் பதில் எழுதிவிட்டுப் போகும்வரை மற்றவர்களுக்கு எங்கேஜ்டு டோன்தான். பின்னாளில் மென்பொருள் எவ்வளவோ மாறியது. ஒரு லைனுக்கு ஓர் ஆள் என்பது மட்டும் மாறவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 2400 பிட் வேக மோடத்தில், தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் ஸ்டார்ட் பிட்டும் ஸ்டாப் பிட்டும் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட் போகும். ஆக நொடிக்கு 240 பைட். 1 எம்பி கோப்பை இறக்க 73 நிமிடம். 14,400 மோடம் வந்த பிறகுதான் அது பத்துப் பன்னிரண்டு நிமிடமானது. ஆளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிடம் என்று வைத்தால், ஒற்றை லைன் போர்டு ஒன்று இரவு பகலாக ஓடினாலும் 24 பேருக்கு மேல் தாங்காது. போர்டை நடத்துகிற சிஸாப் நேர வரம்பு வைத்ததும், ‘இத்தனை ஏற்றினால்தான் இத்தனை இறக்கலாம்’ என்று விகிதம் போட்டதும் இதனால்தான். அதைத் திமிர் என்று திட்டியவர்கள் உண்டு, உண்மையில் அது ரேஷன். 1987இல் வந்த க்யூடபிள்யூகே பொட்டலம் நெருக்கடியைக் கொஞ்சம் தணித்தது. புதுச் செய்திகளை மொத்தமாகச் சுருக்கி இறக்கிக்கொண்டு, லைனைத் துண்டித்துவிட்டு, ஆற அமரப் படித்துப் பதில் எழுதி மறுபடி ஏற்றலாம்.

லைனைக் கூட்டலாமே என்றால், ஒவ்வொரு லைனுக்கும் மாதக் கட்டணம், ஒரு மோடம், அதைக் கணினியில் செருக ஒரு சீரியல் போர்ட். அந்தப் போர்ட்டில்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள். அதை இயக்கும் 8250, 16450 சிப்களில், வந்த பைட்டை வைக்க ஓர் இடம்தான் உண்டு. 19,200 வேகத்தில் அரை மில்லிநொடிக்கு ஒரு பைட் வரும். டாஸில் பல நிரல்களை ஒருசேர ஓட்டும் டெஸ்க்வியூவில் இரண்டு லைனை ஓட்டும்போது செயலி அந்த நேரத்துக்குள் திரும்பி வராவிட்டால் பைட் போய்விடும், கோப்பில் சிஆர்சி (சரிபார்ப்பு எண்) பிழை விழும். 16550ஏ சிப்பில் 16 பைட் வரிசை இருந்ததால் எட்டு மில்லிநொடி அவகாசம் கிடைத்தது. இன்னொரு தொல்லை கால் வெயிட்டிங். இடையில் வரும் ஒரு ‘பீப்’ போதும், இணைப்பு அறுந்துவிடும். அதற்காகத்தான் மோடத்துக்குத் தரும் டயல் சரத்தில் எண்ணுக்கு முன்னால், கால் வெயிட்டிங்கை நிறுத்தும் *70 சேர்த்து ஒரு காற்புள்ளி வைப்பார்கள். அந்தக் காற்புள்ளி என்றால் இரண்டு நொடி நிறுத்தம்.

இத்தனை தொல்லைக்கு நடுவிலும் போர்டுகள் பெருகியதற்கு ஒரு காரணம், அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் உள்ளூர் அழைப்புக்குத் தனிக் கட்டணம் கிடையாது. வெளியூர் அழைப்போ நிமிடத்துக்கு நிமிடம் காசு. அதனால் ஒரு போர்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அதே ஊர்க்காரர்கள். திரையில் சண்டை போட்டவர்கள் அடுத்த வாரம் பீட்சா கடையில் நேரில் சந்தித்துக்கொள்ளலாம்.

வெளியூரை எட்ட டாம் ஜென்னிங்ஸ் 1984இல் போர்டுகளை இணைக்கும் ஃபிடோநெட் வலையைத் தொடங்கினார். இரவுக் கட்டணம் மலிவு, ஆகவே நள்ளிரவுக்குப் பின் கணினிகள் தாங்களே ஒன்றையொன்று அழைத்து அஞ்சலை மாற்றிக்கொள்ளும். வட அமெரிக்காவில் யுடிசி (உலகப் பொது நேரம்) 9 மணி முதல் 10 வரை அஞ்சல் நேரம். அப்போது மனிதர்களுக்கு அனுமதி இல்லை. ஒரே எக்கோவை, அதாவது பொது விவாதப் பகுதியை, இரண்டு ஹப்களிலிருந்து (அஞ்சலைப் பிரித்துக் கொடுக்கும் போர்டுகளிலிருந்து) ஒருவர் தவறுதலாக வாங்கிவிட்டால் செய்திகள் வட்டமடித்து இரட்டை இரட்டையாகக் கொட்டும். செய்தியின் அடியில், அது ஏற்கெனவே எங்கெங்கே போனது என்று சொல்லும் ‘சீன்-பை’ வரிகள் இருந்ததே அதைத் தடுக்கத்தான். 1990களின் நடுவில் அந்த வலையில் 30,000க்கும் மேற்பட்ட முனைகள் (இணைந்த கணினிகள்) இருந்தன.

அப்புறம்தான் அடி விழுந்தது. உள்ளூர் எண்ணை அழைத்தால் உலகம் முழுக்க எட்டலாம் என்று இணையச் சேவையாளர்கள் வந்தார்கள். போர்டின் ஒரே பலம் உள்ளூர் அழைப்பு இலவசம் என்பதுதான், அதே இலவசம் இப்போது எதிராளிக்கும் கிடைத்தது. 1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் உலாவி, 1995 ஆகஸ்டில் டயல்-அப் வசதியோடு விண்டோஸ் 95, 1996 டிசம்பரில் ஏஓஎல் என்ற சேவையாளரின் மாதம் 19.95 டாலர் வரம்பற்ற திட்டம். எல்லாம் இரண்டே ஆண்டுகளில்.

பலர் கவனிக்காத அடி 56கே, அதாவது நொடிக்கு 56,000 பிட் வேக மோடம். வீட்டு மோடம் வீட்டு மோடத்தை அழைத்தால் 33,600க்கு மேல் போகாது. தொலைபேசி நிலையத்தில் அனலாக் ஒலியை எண்ணாக்கும்போது சேரும் இரைச்சல்தான் அந்த உச்சவரம்பு. 56கே அந்த மாற்றத்தைத் தவிர்த்தது. சேவையாளர் பக்கம் முழுக்க டிஜிட்டல் இணைப்பு இருந்தால், கீழிறங்கும் தரவு அந்த எண்ணாக்கத்துக்கே ஆளாகாமல் வீடு வரும் (அமெரிக்கச் சட்டத்தின் மின்திறன் வரம்பால் அதுவும் 53,300 தான்). ஆனால் அந்த வேகத்தைத் தர வேண்டியவருக்கு டி1, பிஆர்ஐ போன்ற டிஜிட்டல் லைன் வேண்டும். சாதாரண லைன் வைத்திருந்த சிஸாப் எவ்வளவு விலை உயர்ந்த மோடம் வாங்கினாலும் பலனில்லை. 1998இல் 56கேவுக்கான வி.90 என்ற பொதுத் தரம் வந்ததும் வாடிக்கையாளரின் அதே மோடம் சேவையாளரிடம் வேகமாகவும் போர்டில் மெதுவாகவும் ஓடியது. காசு இருந்த சில சிஸாப்கள் தாங்களே சேவையாளர்களாக மாறிவிட்டார்கள்.

எஞ்சியவர்களை மென்பொருள் கைவிட்டது. பிசிபோர்டு என்ற போர்டு மென்பொருளை எழுதிய கிளார்க் டெவலப்மென்ட் நிறுவனம் 1997இல் திவாலானது. மூல நிரலைத் தராமல் காணாமல்போன நிரல் ஆசிரியர்களும் பலர். டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழிக் கருவியில் எழுதிய போர்டு விளையாட்டுகள் வேகமான புதுப் பென்டியங்களில் ‘ரன்டைம் எரர் 200’ என்று தொடங்கும்போதே விழும். தாமதத்தை அளக்க, செயலி ஒரு வெற்றுச் சுற்றை எத்தனை முறை ஓட்டுகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். செயலி வேகமானால் விடை 16 பிட்டில் அடங்காது, அதுதான் காரணம். 2000 பிறந்ததும் தேதிப் பிழைகள் வேறு.

இன்று இணையம் வழியாக ஒரு போர்டைப் பார்க்க சிங்க்டெர்ம் என்ற நிரலை நிறுவி, டெல்நெட் முகவரி கொடுத்தால் போதும். திரை 80க்கு 25, எழுத்துகளுக்குப் பழைய டாஸ் குறியீட்டுப் பக்கம் 437. சாதாரண டெர்மினலில் திறந்தால் ஆன்சி ஓவியங்கள் (வண்ண எழுத்துக் குறிகளால் வரைந்தவை) குப்பையாகத் தெரிவது, அந்த டெர்மினல் இன்றைய யுடிஎஃப்-8 குறியீட்டை எதிர்பார்ப்பதால்தான். உள்ளே போகும்முன் ‘எஸ்கேப் இரண்டு முறை அழுத்து’ என்று கேட்டால் அழுத்துங்கள். சில போர்டுகளில் அது பழைய அஞ்சல் நிரலின் வழக்கம், வேறு சிலவற்றில் டெல்நெட்டின் வழக்கமான இணைய வாசலான போர்ட் 23ஐத் துழாவும் தானியங்கி நிரல்களான பாட்களை விரட்ட வைத்தது. 2016இல் மிராய் என்ற தீநிரல் பரவிய பின் பலர் போர்ட் எண்ணையே மாற்றிவிட்டார்கள். ஃபிடோநெட்டும் பிங்க்பி என்ற இணைய அஞ்சல் நெறிமுறை வழியாக, டிசிபி போர்ட் 24554இல் ஓடிக்கொண்டிருக்கிறது.

சொந்தமாக நடத்த ஆசையிருந்தால் சிங்க்ரோநெட் என்ற போர்டு மென்பொருள் இலவசம். பழைய டாஸ் விளையாட்டுகளை அப்படியே சேர்க்க நினைத்தால் 64 பிட் விண்டோஸ் உதவாது, 16 பிட் நிரலை அது ஓட்டாது. லினக்ஸில் டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்எமு வைத்து, பாஸ்கல் கோப்புகளுக்கு எரர் 200ஐச் சரிசெய்யும் ஒட்டை (பேட்ச்) முதலில் போட்டுவிடுங்கள்.